யாருடைய பணியாள்? தடயவியல் மனநலத்தில் உளவியல் உதவியாளரின் இடம்

விருத்தாசலம் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்படும் ஒருவர், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார்; அல்லது வாயே திறப்பதில்லை. அவருக்குச் சித்த சுவாதீனம் இல்லையோ என்ற ஐயம் நடுவருக்கு எழுந்தால், வழக்கை நிறுத்திவைத்து அவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன இந்த ஊரில் நீதிமன்றங்கள் உண்டு, கிளைச்சிறை உண்டு, அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் மத்திய சிறை இருக்கும் கடலூர் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நீண்ட நாள் உள்ளே வைத்துக் கண்காணிக்க வேண்டுமென்றால், வழிக்காவல் போலீசாருடன் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும்.

அங்கே மனநல மருத்துவர் பார்ப்பார், அறிக்கையில் கையெழுத்திடுவார். அந்த அறிக்கைக்கு வேண்டிய விவரத்தைத் திரட்ட மணிக்கணக்கில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் வேறொருவர். உளவியலில் முதுகலை முடித்தவர், தகுதிபெற்ற மருத்துவ உளவியலாளரின் மேற்பார்வையில் வேலை செய்பவர். இந்தியாவில் அவருக்கு நிலையான பதவிப் பெயர் இல்லை. பயிற்சி மாணவர், ஒப்பந்த உளவியலாளர், கவுன்சலர் என்று இடத்துக்கு இடம் மாறும். இக்கட்டுரை அவரை உளவியல் உதவியாளர் என்று குறிக்கிறது.

அவர் யாருக்காக வேலை செய்கிறார்? எதிரே இருக்கும் நோயாளிக்கா, அனுப்பிவைத்த நீதிமன்றத்துக்கா, பூட்டிவைத்திருக்கும் சிறைக்கா? இந்தக் கேள்விக்குக் கடந்த நூற்றெண்பது ஆண்டுகளில் குறைந்தது நான்கு விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன.

## கேள்வி பிறந்த இடம்

1843-ல் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்ற மரக்கடைசல் தொழிலாளி, பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரான எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். அரசியல் கட்சியினர் தன்னைத் துரத்துகிறார்கள் என்ற பிரமை அவருக்கு இருந்தது. மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள், நீதிமன்றம் விடுவித்தது. எழுந்த கூச்சலில் நீதிபதிகள் ஒரு விதியை வகுத்தார்கள். செயலின் தன்மையையோ, அது தவறு என்பதையோ அறிய முடியாத மனநிலையில் இருந்தவருக்கு மட்டுமே விலக்கு. 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டம் இந்தக் கருத்தை 84-ஆம் பிரிவாக ஏற்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே விதி 22-ஆம் பிரிவாக, பெரிய மாற்றமின்றித் தொடர்கிறது.

மனநல நிறுவனத்தின் வரலாறு தமிழகத்தில் இதைவிடப் பழையது. 1794-ல் வாலண்டைன் கானலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சென்னையில் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்ததுதான் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. 1871 முதல் இன்றைய இடத்தில் இருக்கிறது. 1858-லும் 1912-லும் வந்த பைத்தியச் சட்டங்களின் கீழ் இத்தகைய காப்பகங்கள் இரட்டை வேலை பார்த்தன. நோயாளிக்கு வைத்தியம் ஒரு வேலை. ஊருக்குப் பாதுகாப்பு மற்றொன்று.

இரண்டு வேலைகளும் ஒரே கட்டடத்துக்குள் நடந்தபோது எது எதை விழுங்கியது என்பதற்கு வழக்குகள் சான்று. அன்றைய பீகாரின் ஹசாரிபாக் சிறையில், மனநலம் தேறிய பிறகும் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தவர்களை 1982-ல் வீணா சேத்தி வழக்கில் உச்சநீதிமன்றம் விடுவித்தது. குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 1993-ல் ஷீலா பார்சே வழக்கில் சொன்னது. அசாமில் 1951-ல் கைதான மச்சல் லாலுங், விசாரணை முடியாமலேயே 54 ஆண்டுகள் காவலில் இருந்து 2005-ல் வெளியே வந்தார். இவற்றில் சட்டம் கொடூரமாக இருந்தது என்பதைவிட, இவர் தேறிவிட்டார் என்று எழுதி அனுப்புவது தன் வேலை என யாரும் கருதவில்லை என்பதே கண்ணில் படுகிறது.

## முதல் விடை: நீதிமன்றத்தின் கண்

முதல் நிலைப்பாடு எளிமையானது. தடயவியல் பணியில் இருப்பவரை அழைத்தது நீதிமன்றம். ஆகவே உண்மையைக் கண்டு சொல்வதே அவர் கடமை. எதிரே இருப்பவருக்கு அது நன்மையா தீமையா என்பது அவர் கவலைக்குரியதல்ல.

இதற்கு இந்தியச் சட்டத்தில் ஆதரவு உண்டு. 2009-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328-ஆம் பிரிவு திருத்தப்பட்டபோது, மனநல மருத்துவருக்கு இணையாக மருத்துவ உளவியலாளரின் கருத்தையும் நடுவர் பெறலாம் என்று எழுதப்பட்டது. 2023-ன் புதிய நடைமுறைச் சட்டத்தில் இது 367-ஆம் பிரிவு. உளவியலாளர் சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்தது மதிப்பிடுபவராகத்தான்.

நீதிமன்றத்துக்குத் தேவை நோயின் பெயர் மட்டுமன்று என்பதையும் தீர்ப்புகள் வலியுறுத்தி வந்திருக்கின்றன. மருத்துவம் சொல்லும் மனநோய் வேறு, சட்டம் ஏற்கும் சித்த சுவாதீனமின்மை வேறு. 1964-ல் தாயாபாய் தக்கர் வழக்கில் உச்சநீதிமன்றம், குற்றச் செயலுக்கு முன்னும் அப்போதும் பின்னும் ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பார்க்கச் சொன்னது. விலக்கு கோரும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் ஐயத்துக்கு இடமின்றி அவர் நிரூபிக்க வேண்டியதில்லை.

இந்நிலைப்பாட்டின் பலவீனம், கண் மட்டும் உள்ள ஒருவரிடம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்பது. பேச வைக்கக் கனிவு வேண்டும். கனிவைக் காட்டிப் பெற்றதை எதிராகப் பயன்படுத்தினால் அது ஏமாற்று. அமெரிக்க மனநல மருத்துவர் ஆலன் ஸ்டோன் இந்த முடிச்சை விளக்க, ராணுவ நீதிமன்றத்தில் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு கறுப்பினச் சார்ஜண்டின் கதையை எடுத்துக்காட்டினார். மருத்துவரின் அக்கறையை நம்பி அவர் திறந்து சொன்னவையே கடைசியில் அவருக்கு எதிராக நின்றன. 1984-ல் ஸ்டோன் வந்தடைந்த முடிவு கசப்பானது: நீதிமன்றத்துக்குள் நுழையும் மருத்துவருக்கு உறுதியான அறத்தளம் கிடையாது.

இந்திய அனுபவத்தில் இதன் மிகக் கூர்மையான வடிவம் நார்கோ சோதனை. கைதியின் விருப்பமின்றி நார்கோ, பாலிகிராஃப், மூளை வரைவுச் சோதனைகளை நடத்துவது சாசனத்தின் 20(3), 21-ஆம் பிரிவுகளுக்கு முரண் என்று 2010-ல் செல்வி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை அந்த அறைகளில் உளவியல் பயின்றவர்களும் வேலை பார்த்தார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தியது அவர்களுடைய தொழில் அறமன்று, நீதிமன்றம்தான்.

## இரண்டாம் விடை: நோயாளியின் துணை

எதிர்த்திசையில் இருப்பது மருத்துவ மரபு. கையில் விலங்கு இருந்தாலும் வந்திருப்பவர் நோயாளி. அவர் துன்பத்தைக் குறைப்பதே முதல் கடமை, மற்றதெல்லாம் பிறகு.

தேவையின் அளவு இந்த நிலைப்பாட்டுக்கு வலுச் சேர்க்கிறது. பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில் 5,000-க்கும் மேற்பட்ட சிறைவாசிகளிடம் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனக் குழு நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வு, போதைப் பழக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் நான்கில் ஒருவருக்கு மேல் ஏதேனும் மனநலக் கோளாறு இருப்பதைக் கண்டது. மறுபக்கம், நாட்டின் 5.7 லட்சம் சிறைவாசிகளுக்குப் பணியில் இருப்பது 25 உளவியலாளர், மனநல மருத்துவர்கள்தான் என்று 2025-ன் இந்திய நீதி அறிக்கை சுட்டிக்காட்டியது. சிறைவாசிகளில் முக்கால் பங்கினர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். இவ்வளவு பேர் கவனிப்பாரின்றிக் கிடக்கையில், நான் மதிப்பிட மட்டுமே வந்தேன் என்று ஒருவர் சொல்வது அறமாகாது என்கிறார்கள் இந்நிலைப்பாட்டினர்.

வாதத்தின் ஓட்டை ரகசியத்தில் இருக்கிறது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்கு இருக்கும் சாட்சியச் சட்டக் காப்பு, மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ நோயாளி சொல்வதற்கு இந்தியாவில் இல்லை. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் ரகசிய உரிமையைத் தருகிறது. நீதிமன்ற உத்தரவு வந்தால் அந்த உரிமை விலகும் என்றும் அங்கேயே சொல்கிறது. அதனால், தைரியமா சொல்லுங்க, வெளியில போகாது என்று உதவியாளர் கொடுக்கும் வாக்கு அவரால் காப்பாற்ற முடியாத வாக்காகிவிடக்கூடும். நோயாளியின் பக்கம் நிற்க நினைப்பவரே அவரை அறியாமல் மாட்டிவிடும் வாய்ப்பு இங்கேதான் அதிகம்.

## மூன்றாம் விடை: வேலையைப் பிரித்தல்

இவ்விரண்டும் முட்டிக்கொண்டதால் எழுந்தது மூன்றாவது. சிகிச்சை தருபவர் மதிப்பிடக் கூடாது. மதிப்பிடுபவர் சிகிச்சை தரக் கூடாது. அமெரிக்காவில் ஸ்ட்ராஸ்பர்கர், குத்தைல், பிராட்ஸ்கி ஆகியோர் 1997-ல் எழுதிய கட்டுரை, ஒரே ஆள் இரண்டு தொப்பி அணிவதன் கேடுகளை வரிசைப்படுத்தியது. அதே ஆண்டு பால் அப்பல்பாம், தடயவியல் பணிக்கு மருத்துவ அறம் பொருந்தாது, அதற்குத் தனி அறம் தேவை என்றார். அவர் வைத்த தூண்கள் இரண்டு: உண்மை பேசுதல், எதிரே இருப்பவரை மனிதராக மதித்தல். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன், நீங்கள் சொல்வது யாருக்குப் போகும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது மதித்தலின் முதல் அடையாளம்.

ஸ்டோனுக்குக் கிடைத்த பதில்களில் இதுவே அதிகம் ஏற்கப்பட்டது. ஆனால் இது ஆள்பலத்தை நம்பி நிற்கும் விடை. ஒரு மாவட்டத்தில் ஒரு மருத்துவ உளவியலாளர் இருப்பதே பெரிது எனும்போது இரண்டு பேருக்கு எங்கே போவது? மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. அத்திட்டக் குழுவில் உளவியலாளர் இடம் உண்டு. புறநோயாளிப் பிரிவு, பள்ளி முகாம், சிறை என்று எல்லா இடத்துக்கும் போவது அந்த ஒரே ஆள்தான். நேற்று ஆறுதல் சொன்னவரையே இன்று அறிக்கை கேட்டால் பிரிவினை ஏட்டளவில் நின்றுவிடும்.

## நான்காம் விடை: உரிமையின் காவல்

2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் விவாதத்தின் அச்சையே மாற்ற முயன்றது. யார் பக்கம் என்று கேட்பதைவிட, நோயாளிக்கு என்ன உரிமை என்று கேட்டால் எல்லோருடைய கடமையும் தெளியும் என்பது அதன் அணுகுமுறை. 103-ஆம் பிரிவு சிறைவாசிகளுக்கானது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் அமைய வேண்டும். மனநோயுள்ள சிறைவாசிகள் சிறையில் இல்லை என்று சிறை மருத்துவ அதிகாரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல ஆய்வு வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டும். சிறை மருத்துவர்களுக்கு அடிப்படை மனநலப் பயிற்சி தர வேண்டும் என்று இன்னொரு பிரிவு சொல்கிறது.

உச்சநீதிமன்றமும் இதே திசையில் வந்திருக்கிறது. 2014-ல் சத்ருகன் சௌகான் வழக்கில் மனநோயை மரண தண்டனைக் குறைப்புக்கான காரணமாக ஏற்றது. 2022-ல் மனோஜ் வழக்கில், மரண தண்டனை முடிவுக்கு முன் குற்றவாளியின் உளவியல் மதிப்பீட்டைக் கேட்டுப் பெற வேண்டும் என்றது. 16 முதல் 18 வயதுக்குட்பட்டோர் கொடிய குற்றத்தில் சிக்கினால் நடத்தப்படும் முன்மதிப்பீட்டுக்கும், அதே ஆண்டின் மற்றொரு தீர்ப்பு உளவியல் நிபுணரின் உதவியை வலியுறுத்தியது.

உரிமை அணுகுமுறையின் பலம் வெளிப்படை. பலவீனம், அது கேட்கும் மதிப்பீடுகளின் எண்ணிக்கை பெருகப் பெருக அவற்றைச் செய்து கொடுக்கும் கைகளின் எண்ணிக்கை பெருகவில்லை என்பது. காலாண்டுச் சான்றிதழ் சடங்காகிவிடும் ஆபத்தும் அங்கேதான்.

## சோதனைப் பெட்டியும் குடும்பக் கதையும்

நான்கு விடைகளும் முழுத் தகுதி பெற்ற நிபுணரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. உதவியாளர் உண்மையில் செய்வதை அருகில் போய்ப் பார்த்தால் படம் கொஞ்சம் மாறுகிறது.

அறிவுத்திறன் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். படிப்பறிவு குறைந்தவர்களுக்கு இந்தியாவில் நெடுங்காலமாகப் பயன்படுவது பாட்டியா சோதனைத் தொகுதி. வண்ணக் கட்டைகளை அடுக்கி அட்டையில் உள்ள வடிவத்தைக் கொண்டுவருவது, பெட்டிக்குள் சிறு கட்டைகளைத் தூக்காமல் நகர்த்துவது, கையெடுக்காமல் கோடு வரைவது, சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்வது, துண்டுப் படங்களைச் சேர்ப்பது என ஐந்து பகுதிகள். நேரக் கணக்கு உண்டு. இந்தத் தொகுதி 1950-களில் உத்தரப் பிரதேசத்தில் 11 முதல் 16 வயதுவரையிலான சிறுவர்களைக் கொண்டு தரப்படுத்தப்பட்டது. கடலூர் மாவட்டத்தின் முந்திரிக் காட்டிலோ செங்கல் சூளையிலோ வேலை பார்த்த நாற்பது வயதுக்காரருக்கு, நீண்ட பயணத்துக்குப் பிறகு, மருந்து மயக்கத்தில், வழிக்காவலர் காதெட்டும் தூரத்தில் நிற்க இதை நடத்தும்போது வரும் எண் எதை அளக்கிறது? அனுபவமுள்ள உதவியாளருக்கு இந்த ஐயம் எழும். அறிக்கையில் எண் மட்டும் போய்ச் சேர்ந்தால் ஐயம் அறையிலேயே தங்கிவிடும்.

எண்ணுக்கு எவ்வளவு எடை என்பதற்கு வெளிநாட்டுத் தமிழர் ஒருவரின் வழக்கு கடுமையான எடுத்துக்காட்டு. போதைப்பொருள் கடத்தியதற்காகச் சிங்கப்பூரில் மரண தண்டனை பெற்ற மலேசியத் தமிழர் நாகேந்திரனின் அறிவுத்திறன் எண் 69 என மதிப்பிடப்பட்டது. அவர் செய்தது இன்னதென்று அறிந்தே செய்தார் என நீதிமன்றங்கள் முடிவெடுத்தன. 2022 ஏப்ரலில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அமெரிக்க உச்சநீதிமன்றமோ 2014-ல் ஹால் வழக்கில், எந்தச் சோதனைக்கும் பிழை வரம்பு உண்டு, 70 என்று ஒரே கோட்டைக் கிழித்து உயிரைத் தீர்மானிக்கக் கூடாது என்றது. ஒரே வகை எண்ணை இரண்டு நாடுகள் இரண்டு விதமாகப் படித்தன.

இனி வரலாறு கேட்டல். செயலுக்கு முந்தைய மனநிலைக்குச் சான்று வேண்டும் என்கிறது நீதிமன்றம். பழைய ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு இருந்தால் நல்லது. ஆனால் பல குடும்பங்கள் முதலில் போவது மருத்துவமனைக்கு அன்று. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டுவது வழக்கம். மனநோய்க்கென்று திருச்சி மாவட்டத்துக் குணசீலத்துக்குப் போய்த் தங்குபவர்கள் உண்டு. ஏர்வாடி தர்காவுக்குப் போனவர்களும் ஏராளம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த பிறகே நாடு அந்தப் பாதையைத் திரும்பிப் பார்த்தது. இப்படிப் போய்வந்த ஆண்டுகளுக்குச் சீட்டு எதுவும் கிடையாது. அம்மாவும் அண்ணனும் அக்கம்பக்கத்தாரும் சொல்வதுதான் பதிவு.

ராத்திரியெல்லாம் தூங்கமாட்டான், தனியாப் பேசுவான், சாப்பாட்டுல விஷம் வெச்சிருக்கீங்கம்பான் என்று ஒரு தாய் சொல்வதை யார், எப்போது, எந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதிக்கொண்டார் என்பது வழக்கின் போக்கையே திருப்பலாம். எந்த வருஷத்திலிருந்து என்று கேட்கத் தவறினால், நோய் குற்றத்துக்கு முன்பே இருந்தது என்பதற்குச் சான்று இல்லாமல் போய்விடும். நடிக்கிறான் என்று வழிக்காவலர் ஒருவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கேட்கும் தொனியும் மாறிவிடக்கூடும்.

ஆபத்தைக் கணிக்கும் வேலையிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1966-ல் பாக்ஸ்ட்ரம் வழக்குத் தீர்ப்பால், ஆபத்தானவர்கள் என்று நியூயார்க்கில் அடைத்துவைக்கப்பட்டிருந்த தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பு குறைந்த மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். பின்தொடர்ந்து பார்த்தபோது, வன்முறையில் இறங்கியவர்கள் மிகச் சிலரே. எச்.சி.ஆர்-20 போன்ற கட்டமைந்த கருவிகள் பின்னர் வந்து கணிப்பை ஓரளவு செம்மைப்படுத்தின. அவையும் பெரும்பாலும் மேற்கத்திய மருத்துவமனைகளில் உருவானவை.

## கையெழுத்து யாருடையது?

பிரிட்டனில் அசிஸ்டன்ட் சைக்காலஜிஸ்ட் என்பது தேசிய சுகாதாரச் சேவையில் நன்கு அறிந்த பணி. பிராட்மூர் போன்ற உயர் பாதுகாப்பு மருத்துவமனைகளிலும் உண்டு. 2009 முதல் தடயவியல் உளவியலாளர் என்ற பெயர் அங்கே சட்டக் காப்புப் பெற்றது. உதவியாளர் என்ற பெயருக்கு அக்காப்பு இல்லை. ஆனால் யார் மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்பது வரையறுக்கப்பட்டிருக்கும். குறைந்த ஊதியத்தில் நிபுணர் வேலையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு என்ற விமர்சனமும் அங்கே உண்டு.

இந்தியாவில் நிலைமை இன்னும் சிக்கல். மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளரை வரையறுக்கும்போது, இரண்டாண்டு எம்.ஃபில். மருத்துவப் பயிற்சியை அடிப்படையாகக் கொண்டது. 1992-ன் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டப்படி பதிவில்லாமல் தொழில் செய்வது தண்டனைக்குரியது. 2021-ன் துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம், மறுவாழ்வுக் கழகத்தின் கீழ் வராத உளவியலாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்தது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே நிற்கும் முதுகலைப் பட்டதாரி, சோதனை எடுக்கலாம் ஆனால் அறிக்கை தரக் கூடாது என்ற எழுதப்படாத எல்லைக்குள் வேலை செய்கிறார். குறுக்கு விசாரணைக்கு அழைக்கப்படுவது கையெழுத்திட்டவர். கேட்டு எழுதியவர் சாட்சிக் கூண்டில் ஏறுவதில்லை. தவறு நேர்ந்தால் அது யாருடையது என்பதற்கும் தெளிவான விடை இல்லை.

## மதிப்பீடு

நான்கு விடைகளில் எதுவும் முற்றாகத் தோற்கவில்லை. நீதிமன்றத்துக்கு நம்பத்தக்க மதிப்பீடு வேண்டும் என்பதை மறுப்பது கடினம். நோயாளியின் துன்பத்தைப் பார்த்தும் பாராதிருக்க முடியாது என்பதும் சரியே. பிரித்துச் செய்வது, ஆள் இருக்கும் இடத்தில் சிறந்த வழியாகத் தோன்றுகிறது. உரிமை அணுகுமுறை குறைந்தபட்ச எல்லைகளையாவது எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் நான்குமே யார் பக்கம் என்று கேட்கின்றன. தமிழக மாவட்டங்களின் நிலையில் அதற்கு முன் கேட்க வேண்டியது, அறிக்கையின் எந்த வரியை யார், எந்த அடிப்படையில் எழுதினார் என்பதாக இருக்கலாம். வரலாறு கேட்டவரின் பெயரும் தகுதியும், யாரிடம் கேட்டார் என்பதும், சோதனை எந்தச் சூழலில் நடந்தது, அதன் அளவுகோல் யாரைக் கொண்டு உருவானது என்பதும், ரகசியத்தின் எல்லை கைதிக்குச் சொல்லப்பட்டதா என்பதும் அறிக்கையிலேயே இடம்பெற்றால், உதவியாளரின் விசுவாசம் பற்றிய சந்தேகத்தில் பாதி குறையும். நீதிமன்றம் எடை போட்டுக்கொள்ளும். எதிர்த்தரப்பு கேள்வி கேட்கும். புதிய சட்டமோ புதிய பதவியோ இல்லாமலே செய்யக்கூடியது இது.

மீதி திறந்தே கிடக்கிறது. தமிழ் பேசும், பள்ளிப் படிப்பு குறைந்த பெரியவர்களுக்கான அளவுகோல்களை யார் உருவாக்குவது? நீதிமன்றம் கேட்டால் சிகிச்சைப் பேச்சு முழுவதும் வெளியே வர வேண்டுமா, ஒரு பகுதியாவது காக்கப்படுமா? மேற்பார்வையாளர் சென்னையிலும் உதவியாளர் கடலூரிலும் இருந்தால் அது மேற்பார்வை ஆகுமா? சாட்சிக் கூண்டில் ஏறும் உரிமையும் பொறுப்பும் உதவியாளருக்கு வர வேண்டுமா, அல்லது அது அவரை இன்னும் நிராதரவாக்குமா? இவற்றில் முதல் கேள்விக்கு ஆய்வும் நிதியும் போதும். மற்ற மூன்றுக்கும் நீதித்துறையும் மருத்துவத்துறையும் சிறைத்துறையும் சேர்ந்து உட்கார வேண்டியிருக்கும்.